அப்பாவைப் பார்க்க மாட்டேன் என்ற சிறுமியும் இரண்டு கட்டு ஆராய்ச்சியும்

குடும்ப நீதிமன்றத்தில் கவுன்சலர் வேலை என்பது, ஒரே நாளில் இரண்டு தரப்புக்கும் பிடிக்காமல் போவதற்காக அரசாங்கமே நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கும் வேலை.

நீங்கள் கோர்ட் வாசலையே மிதிக்காதவராக இருக்கலாம். அதனால் என்ன? அக்கா வீட்டுச் சண்டையில் சமாதானம் பேசப் போய், அக்காவிடமும் மாமாவிடமும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொண்டது உண்டா? அப்படியானால் நீங்களும் நம்ம ஆள்தான். வாருங்கள், பக்கத்தில் உட்கார்ந்து அழுவோம். கீழே வருகிற எல்லாரின் பெயரையும் மாற்றிவிட்டேன். அலுப்பை மட்டும் மாற்றவில்லை.

பொம்மை அறை

எங்கள் கட்டிடத்தின் பின்பக்கம் குழந்தைகளுக்கென்று ஒரு அறை இருக்கிறது. பிரிந்து வாழும் அப்பாவோ அம்மாவோ சனிக்கிழமை வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போகலாம். சுவரில் யாரோ ஒரு ஒட்டகச்சிவிங்கி வரைந்திருக்கிறார்கள். அதன் கழுத்து நீண்டு போய் சுவிட்ச் போர்டில் முடிகிறது. நான் ஒரு மூலையில் உட்கார்ந்து, இல்லாத மாதிரி இருக்க வேண்டும். எண்பது கிலோ எடையோடு இல்லாத மாதிரி இருப்பது எவ்வளவு சிரமம் என்று உங்களுக்குத் தெரியும்.

ஜெனிட்டாவுக்கு ஒன்பது வயது. அம்மா ஷீலா, ஜீவனஹள்ளியில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் யு.கே.ஜி. டீச்சர். அப்பா பிரபு, லிஃப்ட் ரிப்பேர் செய்பவர். பிரிந்த பிறகு பொம்மனஹள்ளியில் தனியாக இருக்கிறார். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஹோசூர் ரோட்டு நெரிசலில் பைக் ஓட்டி, புழுதி முகத்தைக் கழுவிக்கொண்டு, பேக்கரியில் வாங்கிய தேங்காய் பிஸ்கட்டோடு வருவார். ஜெனிட்டா ஸ்கூல் பையை மடியில் கட்டிக்கொண்டு, ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்து உட்கார்ந்துகொள்வாள். அவர் அவள் முதுகோடு பேசுவார். எந்த அபார்ட்மெண்டில் எந்த லிஃப்ட் மாட்டிக்கொண்டது, உள்ளே இருந்த மாமா எப்படிக் கத்தினார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுவார். ஒரு மணி நேரமும் முதுகு பதில் சொல்லாது. பிஸ்கட்டை யாரும் தொடுவதில்லை.

இந்த வழக்கு என் கைக்கு வந்த முதல் சனிக்கிழமை, அவர் கிளம்பிப் போனதும் நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஏதாவது மனசு விட்டுப் பேசுவாள் என்று பார்த்தேன். அவள் மிகவும் கவலையாக ஒன்று கேட்டாள்: "ஆன்ட்டி, திரும்பாம உட்கார்ந்திருந்தாலும் இது வந்த கணக்குல சேருமில்ல?"

ஒரே கட்டுரை, இரண்டு பேனா

குழந்தை ஏன் திரும்பவில்லை என்பதுதான் வழக்கு. ஒரு பெற்றோர் பிள்ளையின் மனசைக் கெடுத்து, இன்னொருவரை வெறுக்க வைப்பதற்கு 'பேரன்டல் ஏலியனேஷன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அப்படி ஒன்று இருக்கிறது, அதற்கு அடையாளங்கள் இருக்கின்றன என்று ஆராய்ச்சி செய்தவர்கள் ஒரு பக்கம். அந்தப் பேரை வைத்துக்கொண்டு, அடித்தவனைக் காட்டிக் கொடுத்த அம்மாவையே குற்றவாளி ஆக்குகிறார்கள் என்று ஆராய்ச்சி செய்தவர்கள் மறுபக்கம். இரண்டு பக்கமும் படித்தவர்கள். நடுவில் நான்.

பிரபுவின் வக்கீல் நாகராஜ், குழந்தையை அம்மாவிடமிருந்து எடுத்து அப்பாவிடம் கொடுத்தால்தான் விஷம் இறங்கும் என்று மனு போட்டிருந்தார். ஷீலாவின் வக்கீல் ரெஹானா, குழந்தை பயப்படுகிறது, சந்திப்பையே நிறுத்துங்கள் என்று மனு போட்டிருந்தார். ஒருவர் ஜெயித்தால் அந்தப் பெண்ணுக்கு அம்மா வீடு போகும். மற்றவர் ஜெயித்தால் அப்பா போய்விடுவார். ஜட்ஜ் மேடம் என் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு முடிவு செய்வதாகச் சொல்லிவிட்டார்.

உடனே இரண்டு வக்கீல்களும் ஆளுக்கொரு கட்டு ஆராய்ச்சிக் கட்டுரைகளைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக்கூடப் போகாமல் உட்கார்ந்து படித்தேன். படிக்கும்போதுதான் தெரிந்தது, ஒரு கட்டுரை இரண்டு கட்டிலும் இருந்தது. நாகராஜ் முதல் பாதியில் மஞ்சள் பேனாவால் கோடு போட்டிருந்தார். ரெஹானா பின்பாதியில் பச்சைப் பேனாவால் போட்டிருந்தார். நடுவில் அந்த ஆராய்ச்சிக்காரர், "இதை வைத்து எந்த ஒரு தனிக் குழந்தையைப் பற்றியும் முடிவு சொல்லிவிட முடியாது" என்ற பொருளில் பாவம் ஒரு பத்தி எழுதியிருந்தார். அதில் யார் பேனாவும் படவில்லை.

திங்கட்கிழமை வராந்தாவில் நாகராஜைப் பிடித்துக் கேட்டேன். மனிதர் கொஞ்சமும் அசரவில்லை. கன்னடக்காரர், 'பாருங்க'வுக்கு மட்டும் 'நோடி' வரும், மற்றபடி தமிழ் சரளம். "நோடி மேடம், கட்டுரையை முழுசா படிச்சா நியாயம் புரியும், கேஸ் நடத்த முடியாது."

சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு சொல்

இந்த மாதிரி வழக்குகளில் கவுன்சலர்கள் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வழிகாட்டுக் குறிப்பு தயாரிக்க எங்களை எல்லாம் ஒரு ஹாலில் கூட்டினார்கள். ஒரு மனநல மருத்துவரும் ஒரு பெண் பேராசிரியரும் மேடையில் இருந்தார்கள். வரைவின் முதல் பக்கத்தில் 'ஏலியனேஷன்' என்ற சொல் இருக்கலாமா கூடாதா என்பதில் ஆரம்பித்தது. டாக்டர், அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் நிஜமாகவே பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன்களுக்குப் பதில் என்ன என்றார். பேராசிரியை, அந்தச் சொல்லை விட்டுவைத்தால் அடிக்கிற கைக்கே பிள்ளையைத் தூக்கிக் கொடுப்போம் என்றார். ஆளுக்கொரு குழந்தையின் முகத்தை மனசில் வைத்துக்கொண்டுதான் பேசினார்கள். அதனால் எனக்கு யார் மேலும் கோபம் வரவில்லை, பசி மட்டும் வந்தது.

மதியச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த பிசிபேளேபாத் ஆறிக்கொண்டிருந்தது. கடைசியில் அந்தச் சொல்லை முதல் பக்கத்திலிருந்து இறக்கி, அடிக்குறிப்பில் போடுவது, அதுவும் 'சிலரால் இவ்வாறு அழைக்கப்படும்' என்ற வாலோடு, என்று முடிவானது. எல்லாரும் கை தட்டினோம். என் பக்கத்தில் மஞ்சுநாத் உட்கார்ந்திருந்தார். எனக்கு முன்பிருந்தே இந்த வேலையில் இருப்பவர். இனி எதற்கும் ஆச்சரியப்படுவதில்லை என்று முடிவு செய்துவிட்ட மனிதர். மெதுவாகக் கையைத் தூக்கினார். "சார், மேடம், ரொம்ப சந்தோஷம். சனிக்கிழமை குழந்தை கதவைப் பிடிச்சுக்கிட்டு அழும்போது நான் அடிக்குறிப்பைப் படிச்சுக் காட்டட்டுமா?"

பெரியவர்கள் பேசும் பேச்சு

அந்த வரைவில் ஒரு அடையாளம் சொல்லியிருந்தார்கள். குழந்தை தன் வயசுக்கு மீறின வார்த்தைகளால் ஒரு பெற்றோரைக் குறை சொன்னால், யாரோ சொல்லிக் கொடுத்திருக்கலாம், கவனி என்று. அடுத்த சனிக்கிழமையே எனக்குப் பரீட்சை வந்துவிட்டது. பிரபு, "ஜெனி, ஒரே ஒரு தடவை அப்பா பக்கம் பாருடா" என்றார். ஜெனிட்டா சுவரைப் பார்த்தபடி சொன்னாள்: "நான் இன்னும் எமோஷனலி ரெடி ஆகல. என் ஸ்பேஸை மதிக்கணும்."

நாகராஜுக்குத் தகவல் போனதும் மனிதர் குதித்தார். ஒன்பது வயசுப் பெண் பேசுகிற பேச்சா இது, அம்மா சொல்லிக் கொடுத்தது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும் என்று கேட்டார். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஷீலாவைக் கூப்பிட்டு விசாரித்தால், அவர் அழுதுகொண்டே, "மேடம், நான் யு.கே.ஜி. டீச்சர். என் வாயில வர்ற பெரிய இங்கிலீஷே 'ஸ்டாண்ட் இன் எ லைன்'தான்" என்றார். அதுவும் நம்பும்படியாகத்தான் இருந்தது.

ஜெனிட்டாவையே தனியாகக் கேட்டேன். இந்த வார்த்தை எல்லாம் எங்கேடா கற்றுக்கொண்டாய் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். இது கூடத் தெரியாதா என்கிற பார்வை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கு முன்னால் இந்த வழக்கைப் பார்த்த கவுன்சலர், அவருக்கும் முன்னால் இருந்தவர், கோர்ட் அனுப்பி வைத்த சைக்காலஜிஸ்ட் என்று இந்தக் குழந்தையிடம் எத்தனையோ பேர் பேசியிருக்கிறார்கள். வார்த்தைகள் எல்லாம் எங்கள் சரக்கு. நாங்கள்தான் ஊட்டியிருக்கிறோம், நாங்களே அதை அம்மாவின் மேல் குற்றமாக எழுதப் போயிருப்போம். ஜெனிட்டா பொறுமையாக விளக்கினாள்: "பயமா இருக்குன்னு சொன்னா ஏன் ஏன்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்க ஆன்ட்டி. இப்படிச் சொன்னா தலையாட்டி எழுதிக்கிட்டு விட்டுடுவாங்க."

எழுந்து போகிற அம்மா

பயம் என்ற சொல் வந்துவிட்டது. எதற்கு என்று கேட்க ஆரம்பித்தால் விட மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். அதனால் நான் கேட்கவில்லை. ஷீலாவிடம் கேட்டேன். பிரிவதற்கு முந்தின சண்டையில் பிரபு ஹால் ஷோகேஸ் கண்ணாடியை ஓங்கிக் குத்தியிருக்கிறார். குழந்தை அதே ஹாலில், ஷோகேஸுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறது. அவள்மேல் ஒரு கண்ணாடிச் சில்லும் படவில்லை. அவர் கையிலிருந்துதான் ரத்தம் கொட்டியிருக்கிறது. கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு படியிறங்கிப் போனவர் அப்புறம் அந்த வீட்டுக்குத் திரும்பி வரவே இல்லை. ஷீலா விடவில்லை, அவரும் கெஞ்சவில்லை. ஷீலாவின் மனுவில் இது ஒரு பத்தியாக இருக்கிறது. குழந்தையிடம் மட்டும் யாரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஷீலா அவரைத் திட்டியதே இல்லை என்றார். நான் நம்பினேன். ஆனால் பிரபுவின் பேச்சு வந்தாலே எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாராம். பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும் கேட்குமாம். குழந்தைக்கு அது போதாதா? அப்பா என்றாலே அம்மா எழுந்து போய்விடுகிற விஷயம் என்று அது தானாகவே கற்றுக்கொள்ளும். இதை நாகராஜின் கட்டிலும் பொருத்தலாம், ரெஹானாவின் கட்டிலும் பொருத்தலாம். நான் பேனாவை எடுத்ததுமே ஷீலாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தக் கோபம் நியாயமானது. "பேசினா ஏத்தி விட்டேன்னு எழுதுவீங்க. பேசாம இருந்தா அதுக்கு என்ன பேர் வச்சிருக்கீங்க மேடம்?"

தானாக உடைந்த கண்ணாடி

பிரபுவின் பதில் மனுவில், ஷோகேஸ் பழசு, கதவு வேகமாகச் சாத்தினபோது தானாக உடைந்தது என்று இருந்தது. நான் அவரை வராந்தா பெஞ்சில் உட்கார வைத்து, தானாகவா உடைந்தது என்று கேட்டேன். அவர், "நான்தான் மேடம் குத்தினேன்" என்றார். ஒப்புக்கொண்டால் வன்முறை நிரூபணமாகிவிடும், பிள்ளையை மறந்துவிட வேண்டியதுதான் என்று வக்கீல் சொன்னாராம். அதுவும் பொய் இல்லை. ரெஹானா அதற்காகத்தான் காத்துக்கொண்டிருந்தார். இந்த மாதிரிக் கைகள் கண்ணாடியோடு நிற்காத வீடுகளை அவர் நிறையப் பார்த்தவர். அவரையும் நான் குறை சொல்ல மாட்டேன்.

நான் பிரபுவிடம், நீங்கள் ஜட்ஜிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் வக்கீல் விவகாரம் என்றேன். ஆனால் உங்கள் பெண் அன்றைக்கு அங்கே நின்றிருந்தாள், தானாக உடையவில்லை என்று அவளுக்குத் தெரியும், நீங்கள் வாரா வாரம் வந்து அவளிடம் லிஃப்ட் கதை சொல்கிறீர்கள் என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. எனக்கு அன்று மனசு சரியில்லை. அவர் தலை குனிந்தபடியே கேட்டார்: "சொன்னா பொண்ணு போயிடுவா. சொல்லலன்னாலும் போயிடுவா. உங்க புஸ்தகத்துல எது முதல்ல போட்டிருக்கு மேடம்?"

அந்தச் சனிக்கிழமை

ரிப்போர்ட் கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின சனிக்கிழமை. மழை. பிரபு நனைந்து வந்தார். பிஸ்கட் வாங்கி வரவில்லை. ஜெனிட்டா பையை மடியில் வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். அவர் அந்தக் குட்டி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காராமல், தரையில் உட்கார்ந்தார். லிஃப்ட் கதை எதுவும் வரவில்லை. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஜெனி, அன்னைக்கு கண்ணாடிய உடைச்சது அப்பாதான். தானா உடையல. நீ அங்க நின்னுட்டிருந்த. உனக்கு எவ்ளோ பயமா இருந்திருக்கும். அப்பா பண்ணது தப்பு. நீ இப்ப திரும்ப வேண்டாம். ஒண்ணும் பண்ண வேண்டாம்" என்றார். சொல்லிவிட்டு எழுந்து கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டார், அவளுக்கு இடம் விடுகிற மாதிரி.

இந்த வேலையில் இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன்; அந்த நிமிஷத்தில் எனக்கு எந்த ஆராய்ச்சியும் நினைவுக்கு வரவில்லை, இந்தப் பெண் எழுந்து ஓடிவிடக் கூடாதே என்று மட்டும் இருந்தது. ஜெனிட்டா ஓடவில்லை. திரும்பவும் இல்லை. அப்பா படியிறங்கிப் போன நாளிலிருந்து யாரிடமும் கேட்க முடியாமல் வைத்திருந்ததைச் சுவரிடம் கேட்டாள்: "கையில தையல் போட்டாங்களா? வலிச்சுதா?"

ரிப்போர்ட்

நடந்ததை நடந்தபடி எழுதினேன். அவர் சொன்னது, அவள் கேட்டது, அம்மா எழுந்து போவது, எங்கள் அறையில் அவள் கற்றுக்கொண்ட வார்த்தைகள், எல்லாம். மனசைக் கெடுத்தார்கள் என்றும் எழுதவில்லை, கெடுக்கவில்லை என்றும் எழுதவில்லை. குழந்தை அம்மாவிடமே இருக்கட்டும், அறையில் சந்திப்பு தொடரட்டும், அப்பா கோபத்துக்கு ஆலோசனை பெறட்டும், இனி இந்தக் குழந்தையிடம் ஒரே ஒரு கவுன்சலர் மட்டும் பேசட்டும் என்று கேட்டேன். இரண்டு வக்கீல்களும் ஆட்சேபணை மனு போட்டார்கள். இரண்டிலும், கவுன்சலர் நிலைநாட்டப்பட்ட ஆராய்ச்சியைக் கணக்கில் எடுக்கவில்லை என்று கிட்டத்தட்ட ஒரே வாசகம். அந்த ஒரு விஷயத்தில் அவர்களை ஒற்றுமைப்படுத்திய பெருமை எனக்கு உண்டு.

ஜட்ஜ் மேடம் ரிப்போர்ட்டை இரண்டு தடவை படித்துவிட்டு, நான் கேட்டபடியே உத்தரவு போட்டார். பிள்ளை இன்னும் அப்பாவோடு உட்கார்ந்து சிரித்துப் பேசுகிற நிலைக்கெல்லாம் வரவில்லை. வருவாளா என்றும் தெரியாது. ஆனால் போன வாரம் ஷீலா ஆபீசுக்கு வந்தார். ஏதோ புகார் என்று நினைத்து நான் பேனாவைத் தேடினேன். அவர் உட்காரவே இல்லை, கதவருகிலேயே நின்று, கொஞ்சம் சங்கடத்தோடு சொன்னார்: "அடுத்த சனிக்கிழமை கோர்ட் லீவாமே மேடம். அது அவருக்குத் தெரியுமா, மழையில வந்து நிக்கப் போறார்னு இவ கேட்டுக்கிட்டே இருக்கா. நானே போன் பண்ணிச் சொல்லிடட்டுமா?"

எங்கள் அறைக்கு வருகிற குழந்தைகள் எந்தப் பக்கத்து ஆராய்ச்சியையும் படித்துவிட்டு வருவதில்லை, படித்த எங்கள் எல்லாருக்கும் அதுதான் தீராத தொந்தரவாக இருக்கிறது.